சட்டி நிறைய எண்ணெய், அகப்பையில் எவ்வளவு?

உலகத்தில் எண்ணெய் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று கேட்டால், பலரும் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டு விடை சொல்லிவிடுகிறார்கள். நிரூபிக்கப்பட்ட இருப்பு, அதாவது எடுத்தால் கட்டுப்படியாகும் என்று உறுதியான எண்ணெய், சுமார் 1.7 லட்சம் கோடி பேரல். ஒரு நாளைக்கு உலகம் செலவழிப்பது 10 கோடி பேரலுக்குச் சற்று மேல். வகுத்தால் 45 ஆண்டு சொச்சம். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. மூன்று நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

முதலில் வெனிசுவேலா. 30,300 கோடி பேரல் இருப்பதாகக் கணக்கு, உலகிலேயே அதிகம். 2005 வாக்கில் அந்த நாடு சொன்னது 8,000 கோடிதான். எண்ணெய் விலை ஏறியதும், அதுவரை எடுத்தால் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கியிருந்த ஒரினோக்கோ படுகையின் கன எண்ணெயையும் இருப்பில் சேர்த்தார்கள். அந்த எண்ணெயைப் பார்த்தால் வெல்லப்பாகு போல இருக்கும். சில வகை தண்ணீரில் மிதக்காமல் அடியில் போய்விடும், அவ்வளவு கனம். நாஃப்தா என்ற லேசான எண்ணெயைக் கலந்து இளக்கினால்தான் குழாயில் ஓடும். அந்த நாஃப்தாவையே பல சமயம் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அரசு எண்ணெய் நிறுவனம் அனுபவமுள்ள ஆட்களை ஆயிரக்கணக்கில் வேலையைவிட்டு அனுப்பியது. அப்புறம் முதலீடு வற்றியது, 2019-இல் அமெரிக்கத் தடை வந்தது. 1990-களின் கடைசியில் நாளுக்கு 30 லட்சம் பேரலுக்கு மேல் எடுத்த நாடு, 2024-இல் எடுத்தது சுமார் 9 லட்சம். இந்த வேகத்தில் அந்த இருப்பு தீர 900 ஆண்டுக்கு மேல் ஆகும்! சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைந்திருக்கிறது, அகப்பையைத்தான் காணோம்.

சவூதி அரேபியா வேறு ரகம். இருப்பு சுமார் 26,700 கோடி பேரல். 2018 கணக்குப்படி ஒரு பேரலை மேலே கொண்டுவர ஆன செலவு 3 டாலருக்கும் குறைவு. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 1980-களின் கடைசியில் சவூதியின் இருப்பு 17,000 கோடியிலிருந்து ஒரே தாவலில் 25,000 கோடியைத் தாண்டியது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் உள்ள நாடுகள் பலவும் அந்தக் காலத்தில் இப்படி ஏற்றிக் காட்டின. அதற்குப் பிறகு வருஷத்துக்கு 300 கோடி பேரல் அளவில் எடுத்தும் எண் இறங்கவே இல்லை. சரி, 2019-இல் வெளியாட்களைக் கொண்டு தணிக்கை செய்தபோதும் பழைய எண்ணை ஒட்டித்தான் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு சவூதியின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ வெளியிட்ட ஆவணத்தில் இன்னொரு தகவல் இருந்தது. கவார் என்பது 280 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும், 1948-இல் கண்டுபிடித்த வயல். பல பத்தாண்டுகளாகத் தண்ணீரை உள்ளே செலுத்தி எண்ணெயை மேலே தள்ளுகிறார்கள். நாளுக்கு 50 லட்சம் பேரல் தரும் என்று வெளியே பலர் நம்பியிருந்தார்கள். அதிகபட்சம் 38 லட்சம் என்றது ஆவணம்.

அமெரிக்காவின் கதை தலைகீழ். இருப்பு 5,000 கோடி பேரல்கூட இல்லை. உற்பத்தியோ 2024-இல் நாளுக்கு 1.32 கோடி, உலகிலேயே முதலிடம். 2008-இல் இது 50 லட்சம். இறுகிய பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணறுகள், முக்கியமாக பெர்மியன் படுகையில் உள்ளவை, காரணம். ஆனால் அந்தக் கிணறு முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் வடிந்துவிடும். துளைத்துக்கொண்டே இருந்தால்தான் இருக்கிற இடத்திலாவது நிற்கலாம்.

தேவை எவ்வளவு இருக்கும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. 2050-இல் நாளுக்கு 12 கோடி பேரல் என்று ஒபெக் 2024-இல் சொன்னது. சர்வதேச எரிசக்தி முகமையோ 2030-ஐ ஒட்டி 10.5 கோடி அளவில் நின்றுவிடும் என்றது. யார் சொல்வது பலித்தாலும் பழைய வயல்கள் வடிவது நிற்காது. புது முதலீடே இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு நாளொன்றுக்கு 55 லட்சம் பேரல் குறையும் என்று அதே முகமை 2025-இல் கணக்கிட்டது. பிரேசில், நார்வே இரண்டும் எடுப்பதைச் சேர்த்தால் வருகிற அளவு அது.

இந்த மூன்றில் 2040-இன் எண்ணெய்த் தேவையை நம்பி ஒப்படைக்கலாம் என்றால் சவூதியைத்தான் சொல்வேன். உடனே திறந்துவிடக்கூடிய உபரித் திறன் அவர்களிடம்தான் கணிசமாக இருக்கிறது. ஆனால் மொத்த உற்பத்தித் திறனை நாளுக்கு 1.3 கோடி பேரலாக உயர்த்தும் திட்டத்தை 2024 ஜனவரியில் அவர்களே நிறுத்திவிட்டு, 1.2 கோடியோடு இருக்க முடிவெடுத்தார்கள். தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் வாங்கும் இந்தியாவில் இருந்துகொண்டு இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டபோது நாளுக்கு 57 லட்சம் பேரல் உற்பத்தி நின்றுபோனது. மண்ணுக்கடியில் இருந்த எண்ணெய் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.