'வின்னிங் ப்ராடக்ட்' லிஸ்ட் விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆன்லைனில் எதை விற்றால் லாபம் வரும் என்று லிஸ்ட் தருகிறேன் என யாராவது பணம் கேட்டால், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்குப் பயிற்சிக் கட்டணம் 14,999 ரூபாயும், அதற்கு மேல் சரக்கில் போட்ட 28,000 ரூபாயும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நான் கரூரில் பெட்ஷீட், டவல் விற்பவள், ஜிஎஸ்டி பதிவு உண்டு, ஆன்லைனிலும் கொஞ்சம் போகும். சீசன் இல்லாத மாதங்களுக்குக் கூடுதலாக ஒரு பொருள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஒன்று வந்தது. லட்சக்கணக்கில் விற்பனை காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள். (அது விற்பனைத் தொகை, லாபம் இல்லை. கமிஷன், ரிட்டர்ன், விளம்பரச் செலவு எதுவும் அந்தப் படத்தில் தெரியாது.) பணம் கட்டியதும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அதில் முதலில் இருந்தது, நாம் பேசுவதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஆடும் கள்ளிச்செடி பொம்மை. "அக்கா, 140க்கு வாங்குங்க, 399க்கு வித்தா 259 லாபம், எங்க சப்ளையரே சரக்கு தருவாரு" என்றார் பயிற்சி கொடுத்த தம்பி. 200 பீஸ் எடுத்தேன்.

அந்த 259 கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 399க்குள்ளேயே 18% ஜிஎஸ்டி 61 ரூபாய் இருக்கிறது. முறையான பில்லோடு வாங்கியிருந்தால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்திருக்கலாம், ஆனால் சப்ளையர் கொடுத்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு. அடுத்து ஷிப்பிங். பொம்மை 400 கிராம்தான், ஆனால் பெட்டி 25க்கு 16க்கு 15 சென்டிமீட்டர், மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 1.2 கிலோ, கூரியர்காரர்கள் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். கமிஷன், ஷிப்பிங், அந்தக் கட்டணங்களின் மேல் வரும் வரி எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு ஆர்டருக்கு 150 வந்தது, பேக்கிங் 12. மிச்சம் 36 ரூபாய். விளம்பரம் போடாமல் பொருள் மேலே வராது, போட்டால் ஆர்டருக்கு 50 போகிறது. கேஷ் ஆன் டெலிவரி பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதற்கு நடுவில் அதே பொம்மை 279க்கு வந்துவிட்டது. அதே படம், அதே வாசகம். குழுவில் இருந்த எல்லோருக்கும் ஒரே பிடிஎஃப், ஒரே சப்ளையர், அப்புறம் எப்படி விலை நிற்கும்?

நஷ்டத்தோடு நின்றிருந்தால்கூட பரவாயில்லை. ஒரு நாள் நான் விற்கும் ஆன்லைன் தளத்தில் லிஸ்டிங்கை முடக்கிவிட்டு, பிஐஎஸ் (ஐஎஸ்ஐ முத்திரை தரும் மத்திய அரசின் தர அமைப்பு) சான்றிதழ் கேட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மை எதுவாக இருந்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், இறக்குமதி சரக்குக்கும் சேர்த்துத்தான். (தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி புவிசார் குறியீடு பெற்றவற்றை அதற்கென்று பதிவு செய்த கைவினைஞர்கள் செய்தால் விலக்கு உண்டு.) இவ்வளவு பெரிய விஷயத்தைப் பயிற்சியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சப்ளையரிடம் கேட்டால் ஒரு சான்றிதழை அனுப்பினார், அதில் இருந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அது வேறு ஏதோ கம்பெனியுடையது. பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி எதுவும் இல்லை, அவையும் சட்டப்படி இருந்தாக வேண்டியவை.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சப்ளையருக்கு நான் பணம் போட்ட க்யூஆர் கோடும், பயிற்சிக் கட்டணம் கட்டிய க்யூஆர் கோடும் ஒரே பெயரில் இருந்தன. லிஸ்ட் கொடுத்ததே தேங்கிக் கிடந்த சரக்கைத் தள்ளுவதற்குத்தான் என்பது என் கருத்து. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எந்தப் பொருளைச் சொன்னாலும் முதலில் அது பிஐஎஸ் கட்டாயப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும், எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தேவை எப்படி இருக்கிறது என்று பார்க்க, எதை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று வரைபடமாகக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் போதும், கள்ளிப் பொம்மை மாதிரி விறுவிறுவென ஏறி இறங்கியதா, வருடம் முழுக்க ஓடுகிறதா என்று கோட்டிலேயே தெரிந்துவிடும். ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் விமர்சனங்களைப் படியுங்கள், ரிட்டர்ன் எதனால் வரும் என்பது அங்கேதான் இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டும். மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்கென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் நுகர்வோரே இல்லை, அதனால் சரக்குப் பணத்துக்கு வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கள்ளிப் பொம்மையில் தொடங்கும் அந்த பிடிஎஃப் உங்களிடமும் இருந்தால் பணம் கட்டிய ரசீதை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.