நோட்புக் எல்.எம்.: நூலக வகுப்புக்கு உதவுமா?

ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு கூகுளின் நோட்புக் எல்.எம். நல்ல கருவி. நாம் ஏற்றும் ஆவணங்களை வைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவி இது. இலவசக் கணக்கில் ஒரு நோட்டுக்கு, அதாவது ஒரு தொகுப்புக்கு, 50 மூலங்கள் (கோப்பு, இணைப்பு போன்றவை), ஒவ்வொன்றும் 5 லட்சம் சொற்கள் வரை ஏற்றலாம். வகுப்புக்கு அவ்வளவு வேண்டாம். ஐந்து கட்டுரை போதும். பணம் கட்டினால்தான் திறக்கும் கட்டுரைக்கு இணைப்பைக் கொடுத்துப் பயனில்லை, பிடிஎஃப் கோப்பையே ஏற்றுங்கள். ஏற்றும் முன், கட்டுரையை எடுத்த தரவுத்தளத்தின் உரிமம் அதற்கு இடம் தருகிறதா என்று நூலகர் பார்த்துவிட வேண்டும். பலரும் தவறவிடும் படி இது.

பதிலில் வரும் சின்ன எண்ணை அழுத்தினால் மூலத்தின் அந்தப் பத்தி திறக்கிறது. இதன் அருமையே அதுதான். சிக்கலும் அங்கேதான். முன்னாய்வுகளைப் பேசும் பகுதியில் ஆசிரியர் வேறொருவரின் முடிவைச் சொல்லி, பிறகு மறுத்திருப்பார். கருவி அதை அவருடைய முடிவாகவே தந்துவிடலாம். எண் சரி, பத்தியும் சரி, பொருள் தவறு! அதனால் ஒவ்வொரு மாணவரும் மூன்று எண்களைத் திறந்து, முன்னும் பின்னும் ஒரு பத்தி வாசித்து, ‘இது யார் கூற்று?’ என்று எழுதட்டும். இதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

ஏற்றிய மூலங்களை இருவர் பேசுவதுபோல் மாற்றித் தரும் ஒலி உரையாடல் வசதி கேட்க இதமானது. ஆனால் மேற்கோள் எண் இல்லாததால் சரிபார்க்க வழியில்லை, வகுப்பில் தவிர்க்கலாம்.

ஒரு தலைப்பில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கு இதை நம்பக் கூடாது. ஏற்றியதை வைத்துத்தான் பதில் சொல்லும். விடுபட்ட முக்கியக் கட்டுரையைப் பற்றி வாயே திறக்காது. தேடல் உத்தியை முதல் வகுப்பிலேயே தனியாக நடத்திவிடுங்கள்.