12.07 என்று போட்டுக் கொடுத்தார்கள்: ஊட்டியில் எலக்ட்ரானிக் டைமிங் வைத்த அனுபவம்

ஆடி கடைசியில் எங்கள் கிளப் நடத்திய தடகளப் போட்டிக்கு முதல் முறையாக எலக்ட்ரானிக் டைமிங் வைத்தோம், அதாவது ஸ்டாப் வாட்சுக்குப் பதில் ஃபினிஷ் கோட்டில் கேமரா வைத்து நேரம் எடுப்பது. கீழேயிருந்து மூன்று பேர் ஒரு வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாளைக்கு 28,000 ரூபாய், சாப்பாடும் தங்குவதும் நம் பொறுப்பு. அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை, பேசித் தீர்த்துக்கொண்டோம். ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பள்ளிக்கோ கிளப்புக்கோ இப்படி ஒரு சேவையை எடுக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா அருமை. பையன்கள் 200 மீட்டரில் மூன்றாவது யார், நான்காவது யார் என்று வருடா வருடம் சண்டை வரும். இந்த முறை படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள்: ஒருவன் நெஞ்சு கோட்டைத் தொடும்போது இன்னொருவன் இரண்டு விரற்கடை பின்னால் இருக்கிறான், கை மட்டும் முன்னால் நீண்டிருக்கிறது. கை, தலை, கால் எதுவும் கணக்கில் இல்லை, உடம்புதான் கணக்கு என்று கேமராவைப் பார்த்துக்கொண்ட தம்பி பெற்றோருக்குப் பொறுமையாக விளக்கினார், யாரும் மறுபேச்சு பேசவில்லை. நடுவில் மழை பிடித்தபோது குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டு அவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். முடிவுகளும் பத்து நிமிடத்தில் போனுக்கு வந்துவிட்டன.

பிரச்சினை பெண்கள் 100 மீட்டரில் வந்தது.

பத்தாவது படிக்கும் பிள்ளை, பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வருகிறவள். ஷீட்டில் 12.07. எங்கள் போட்டியில் இதற்கு முன் இருந்த சிறந்த நேரம் 12.9, அதுவும் ஸ்டாப் வாட்சில் எடுத்தது. ஸ்பைக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "சார், இது ரெக்கார்டா சார்?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று கைதட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பிள்ளை பறக்காதா?" என்றார். அவர் சந்தோஷத்தில் சொன்னதுதான், ஆனால் எனக்கு அந்த வார்த்தை மனதில் தைத்துவிட்டது. எழுந்து போய் வின்ட் கேஜ், அதாவது காற்றின் வேகத்தை அளக்கும் கருவி, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஃபினிஷ் கோட்டுக்குப் பக்கத்தில், ஷாமியானா துணியை ஒட்டி வைத்திருந்தார்கள், காற்றுக்கு நல்ல மறைவு. காட்டிய அளவு வினாடிக்கு 1.6 மீட்டர். ஓடுகிறவரைப் பின்னாலிருந்து தள்ளும் காற்று 2.0 வரை இருந்தால் ரெக்கார்டுக்கு விதி அனுமதிக்கிறது என்பதால் அவர்களைப் பொறுத்தவரை எல்லாம் சரி. ஆனால் அந்தக் கருவி முதல் லேனை ஒட்டி, ட்ராக்கிலிருந்து 2 மீட்டருக்குள், ஃபினிஷுக்கு 50 மீட்டர் முன்னால், 1.22 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும் (ஒரு லேனின் அகலமும் அதே 1.22தான், அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்). 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து 10 வினாடிக்கு அளக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் இருந்த கற்பூர மரங்கள் எல்லாம் ஃபினிஷ் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அந்த 1.6-ஐ நான் எப்படி நம்புவது?

அதைவிடப் பெரிய விஷயம் ஸ்டார்ட். ஸ்டார்ட்டரின் துப்பாக்கியில் ஒரு சென்சார் மாட்டி, வெடிக்கும்போது கடிகாரம் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும். அதுதான் முழு ஆட்டோமேட்டிக் டைமிங். இவர்கள் சென்சாரைக் கொண்டு வரவில்லை. நாங்கள் வைத்திருந்தது மரக் கிளாப்பர் (இரண்டு பலகையைத் தட்டிச் சத்தம் எழுப்புவது), அந்தச் சத்தம் கேட்டதும் ஃபினிஷ் பக்கம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பட்டனை அமுக்கியிருக்கிறார். சத்தம் 100 மீட்டர் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும், அதற்குப் பிறகு அவர் விரல் அசைய வேண்டும். ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறவர்களைச் சத்தத்தைக் கேட்காதே, புகையைப் பார் என்று சொல்வதே இதற்காகத்தான். நம் ஊர் மேகமூட்டத்தில் சில நாள் புகையும் தெரியாது, அது வேறு கதை.

இங்கே விதி மிகத் தெளிவாக இருக்கிறது. ஸ்டார்ட்டோ ஃபினிஷோ ஏதாவது ஒன்று மட்டும் தானாக இயங்கினால் அந்த நேரம் கை நேரமும் இல்லை, ஆட்டோமேட்டிக் நேரமும் இல்லை. அதிகாரப்பூர்வ நேரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. யார் முன்னால் யார் பின்னால், எவ்வளவு இடைவெளி என்று பார்க்க மட்டும் படத்தைப் பயன்படுத்தலாம். அதாவது 28,000 கொடுத்து வாங்கிய 12.07-ஐ விட, மூன்று ஆசிரியர்கள் ஒழுங்காகப் பிடித்த ஸ்டாப் வாட்ச் நேரத்துக்கு மதிப்பு அதிகம். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். படத்தில் 12.071 என்று இருந்ததை 12.07 என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது இலக்கம் பூஜ்யமாக இல்லாவிட்டால் மேலே ஏற்றி 12.08 என்றுதான் போட வேண்டும். 2006-இல் தோஹாவில் ஜஸ்டின் காட்லின் ஓடிய 9.766-ஐ 9.76 என்று அறிவித்து, உலக சாதனை என்று கொண்டாடி, ஐந்து நாள் கழித்து 9.77 என்று திருத்தினார்கள். உலக அளவிலேயே நடக்கிற தவறுதான், ஆனால் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்து மைதானம். இது டைமிங் குழுவின் தவறில்லை, எங்கள் தவறு. ரெக்கார்டுக்கு ஓடும் திசையில் சரிவு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். மறு வாரம் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் டியூப் மட்டம் வைத்தோம். பத்துப் பத்து மீட்டராக, குழாயில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கூட்டிப் பார்த்தால் 41 சென்டிமீட்டர் இறக்கம். கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும். மலையில் மண்ணை வெட்டிப் போட்டு உண்டாக்கிய மைதானம், வேறு எப்படி இருக்கும்!

ஊட்டியில் ஓடினால் உயரத்துக்காக ரெக்கார்டு செல்லாதா என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். செல்லும். உயரத்துக்கு விதியில் தடையே இல்லை, 1000 மீட்டருக்கு மேல் என்றால் பட்டியல்களில் 'ஏ' என்று ஒரு எழுத்தைச் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், மெக்சிகோ சிட்டியும் அதே உயரம்தான். 1968 ஒலிம்பிக்கில் அங்கேதான் ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடினார், பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார் (அப்போது காற்று சரியாக 2.0), இரண்டுமே உலக சாதனையாக ஏற்கப்பட்டன. காற்று அடர்த்தி குறைவு என்பதால் குறுகிய ஓட்டத்துக்குக் கொஞ்சம் லாபம். ஆனால் அதே இடத்தில் 10,000 மீட்டரை வென்றவரின் நேரம் 29:27.4, அன்றைய உலக சாதனையை விட 1 நிமிடம் 48 வினாடி அதிகம். நம் பிள்ளைகள் 5,000 ஓடி மூச்சு வாங்குவதைப் பார்த்து யாரும் திட்டாதீர்கள்.

போனில் பேசியபோது அந்தத் தம்பி, "மாஸ்டர், ஸ்கூல் மீட்டுக்கு யாரும் இதெல்லாம் கேக்க மாட்டாங்க. கேட்டிருந்தா சென்சார் கொண்டு வந்திருப்போம்" என்றார். ஜீரோ டெஸ்ட் படம் இருக்கிறதா என்றேன், இல்லை. போட்டிக்கு முன் கேமரா முன்னாலேயே துப்பாக்கியை வெடித்து, கடிகாரம் அந்தக் கணத்தில் ஆரம்பிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ரெக்கார்டுக்கு விண்ணப்பிக்க அந்தப் படமும் வேண்டும். சென்சாரே இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? கேட்காமலே 8,000 ரூபாய் திருப்பி அனுப்பினார்கள், அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் விலைப்பட்டியலில் முழு எலக்ட்ரானிக் என்று போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான் நாங்கள் கேட்கவில்லை.

பிள்ளையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. 2022 உலகப் போட்டியில் டோபி அமுசான் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் 12.06 ஓடித் தங்கம் வாங்கியும், காற்று 2.5 என்பதால் அது சாதனையாகவில்லை, அரையிறுதியில் ஓடிய 12.12தான் உலக சாதனையாக நிற்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இன்னொரு தடவை ஓடணும், அவ்ளோதானே சார்?" என்றாள்.

புரட்டாசியில் கீழே ஒரு சிந்தெடிக் ட்ராக்கில் ஓடினாள். துப்பாக்கியில் சென்சார், காற்று +0.8, நேரம் 12.46. படத்தின் பிரிண்ட் ஒன்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் பர்லியார் தாண்டும் வரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்தக் குழுவுக்கு ஐந்தில் மூன்று. யார் முதல், யார் இரண்டாவது என்று தெரிய வேண்டும் என்றால் தாராளமாகக் கூப்பிடலாம். நேரம் வேண்டும் என்றால், வேன் மலை ஏறுவதற்கு முன்பே சென்சார் அதில் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த தை மாதப் போட்டிக்கு நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.