ஸ்பானிஷ்: பட்டப்படிப்பா, டெலே சான்றிதழா?

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) ஸ்பானிஷ் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. அரிச்சுவடி தெரியாமலே சேரலாம், பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டில் தேவையான மதிப்பெண் எடுத்தால் போதும். இன்னொரு வழி, பி.காமோ பொறியியலோ படித்துக்கொண்டே ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் வகுப்புக்குப் போய், ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான டெலே சான்றிதழ் வாங்குவது.

டெலேயில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். சான்றிதழ் காலாவதி ஆகாது. ஆனால் நான்காவது படியான பி2 தேர்வு லேசுப்பட்டதல்ல. வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்பதும் பேசுவதும் மற்றொன்று. இரண்டிலும் தனித்தனியாக 50க்கு 30 எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் இலக்கணத்தில் வெளுத்து வாங்கிவிட்டு, மாட்ரிட்காரர் மளமளவென்று பேசும் ஒலிப்பதிவில் திணறுவார்கள். ஒரு குழுவில் அள்ளியதை வைத்து மற்றதில் விட்டதை ஈடுகட்ட முடியாது.

பட்டப்படிப்பில் மொழியோடு லத்தீன் அமெரிக்க வரலாறு, இலக்கியம், மொழிபெயர்ப்பு எல்லாம் வரும். ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கு அதுதான் சரி. வெறும் சான்றிதழ் அங்கே எடுபடாது. கணக்கோ கணினியோ கையில் இருந்து, மெக்சிகோ வாடிக்கையாளரிடம் பேச மட்டும் மொழி வேண்டுமென்றால் டெலே தாராளம். மூன்று வருடத்தை எதற்கு முழுசாகக் கொடுக்க வேண்டும்? அப்புறம், பி.ஏ. படிப்பவர்களும் பி2 எழுதி வைப்பது நல்லது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்.