குளச்சல் ‘ஒரே ஓனர்’ பென்ஸா, குலசேகரத்து நாலாம் கை பென்ஸா?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய பென்ஸ் என்றாலே பலருக்கும் நினைவு வருவது 123 ரகம்தான். 1976-ல் வந்து, பத்து வருடத்துக்குள் சுமார் 27 லட்சம் தயாரான மாடல். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது கையோடு கொண்டுவந்த கார். இந்த வருடம் அதில் இரண்டு ஒரே சமயத்தில் விலைக்கு வந்தன.

ஒன்று குளச்சலில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றது. 1983 மாடல் 240டி, ஒரே ஓனர், மீட்டரில் 61 ஆயிரம் கிலோமீட்டர். இன்னொன்று குலசேகரம் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில். 1982 மாடல் 300டி, நாலு பேர் கை மாறியது, மீட்டர் மூன்று லட்சத்தை நெருங்குகிறது. குளச்சல் காருக்குக் கேட்ட விலை மற்றதைப்போல ஒன்றரை மடங்கு. நான் வாங்கியது குலசேகரத்துக் காரை.

இன்ஜின் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 240-க்கு நாலு சிலிண்டர், 72 குதிரைத்திறன். 300-க்கு ஐந்து சிலிண்டர், 88. இரண்டுமே டீசல், இரண்டுமே அவசரப்படாத வண்டிகள். ஃபில்டர், கேஸ்கெட், ரப்பர் சாமான்கள் இரண்டுக்கும் இன்றும் கிடைக்கின்றன. ஏசி இரண்டிலும் பெயருக்குத்தான்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது துரு. அந்தத் துருவைப் படிக்கத்தான் ஓனர் வரலாறு வேண்டும். விற்பவர்கள் எத்தனை ஓனர் என்று சொல்வார்கள், நாம் கேட்க வேண்டியது மழைக்காலத்தில் கார் எங்கே நின்றது என்று. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம் பக்கம் மழை கடற்கரையை விட அதிகம்தான், ஆனால் வெறும் மழைநீர் வடிந்து காய்ந்துவிடும். உப்பு அப்படியில்லை. தகட்டில் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயில் நாளிலும் தகடு நனைந்தே கிடக்கும். அதுவும் ஓடாமல் நிற்கிற காரில், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தை ஒருமுறை நனைந்தால் காய்வதே இல்லை. தளம் மேலிருந்து கீழாக அரிக்கும்.

என்னுடன் வந்த தக்கலை மெக்கானிக் அண்ணாச்சி குளச்சல் காரின் பளபளப்பை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “பெயிண்ட்ட விடு மக்கா, கார்பெட்டத் தூக்கு” என்றார். தூக்கினோம். டிரைவர் காலடியில் தகடு செதில் செதிலாக வந்தது. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்தால் அடியில் பழுப்புத் தண்ணீர். பின்கண்ணாடி ரப்பரை ஒட்டிப் பெயிண்ட் கொப்புளம். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினார், உள்ளே போய்விட்டது.

இந்த இடங்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. முன்பக்க மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றி வேறு போட்டுவிடலாம். ஆனால் இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் சட்டம் கிடையாது, பாடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, ஜாக்கி இடம், தளம் இவையெல்லாம் அரித்துவிட்டால் டிங்கரிங்காரர் வெட்டி வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். வேலை எங்கே முடியும் என்று ஆரம்பிக்கும்போது யாராலும் சொல்ல முடியாது. இன்ஜின் வேலை அப்படியல்ல, முதலிலேயே ஒரு தொகை பேசிக்கொள்ளலாம்.

61 ஆயிரம் கிலோமீட்டரும் என்னை மயக்கவில்லை. இந்த மாடலில் கிலோமீட்டர் எண்ணும் குட்டிப் பல்சக்கரம் வழுக்கி நின்றுபோவது சகஜம், ஸ்பீடோ முள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். உண்மையிலேயே அவ்வளவுதான் ஓடியது என்றாலும், நின்றே கிடந்த காரில் பிரேக் இறுகும், சீல்கள் காயும்.

அப்புறம் அந்த ‘ஒரே ஓனர்’. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் மூன்று பேர் மூன்று நாட்டில். யாரும் மாற்றாததால் ஒரே ஓனராக நிற்கிறது, அவ்வளவுதான். இனி வாரிசுச் சான்றிதழ் எடுத்து, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுத்து, பழைய பதிவை ஆன்லைனில் ஏற்றி, காலாவதியான ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இறக்குமதி காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 80,000 ரூபாய். அதே வயது உள்நாட்டுக் காருக்கு 10,000தான்.

குலசேகரத்துக் கார் கேரளத்தில் இரண்டு பேர், தக்கலையில் ஒருவர், கடைசியாகத் தோட்டக்காரர் என்று வந்தது. ஒவ்வொரு கை மாற்றத்துக்கும் காகிதம் இருக்கிறது. கேரளத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) நகல்கூட இருந்தது, இப்போது டி.என். 75, அதாவது மார்த்தாண்டம் நம்பர். கட்டணம் ஏறுவதற்கு முன்பே புதுப்பித்தும் விட்டார்கள். மூன்றாவது ஓனர் ஒரு ஃபைல் வைத்திருந்தார். தளத்தில் எங்கே வெல்டிங் வைத்தது, எந்த வருடம், என்ன செலவு எல்லாம் பில்லாக இருந்தது. பில்லில் உள்ள இடத்தைக் காரில் தேடினால் அங்கே வெல்டிங் இருக்கிறது. ஓனர் வரலாறு என்று நான் நம்புவது இதைத்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. இந்த மாடலின் சேஸிஸ் எண்ணில் மாடலைக் குறிக்கும் ஆறு இலக்கத்துக்கு அடுத்து 1 வந்தால் இடதுபக்க ஸ்டீயரிங்காகப் பிறந்த கார், 2 வந்தால் வலதுபக்கம். என்னுடையதில் 1. அதாவது வளைகுடாக் கார், இங்கே வந்து பட்டறையில் மாற்றியது. பழைய ஸ்டீயரிங் ஓட்டையைத் தகடு வைத்து அடைத்த தழும்பு இன்ஜின் பக்கச் சுவரில் தெரிகிறது. குளச்சல் கார் சிங்கப்பூரிலிருந்து வந்தது, பிறப்பிலேயே வலதுபக்கம். சேகரிப்பாளர்கள் இதற்குக் கூடுதல் விலை தருவார்கள் என்கிறார்கள். நான் இதுவரை பழைய பென்ஸ் விற்றதில்லை, அதனால் மறுவிற்பனையில் எது முந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, சாவியைத் திருப்பினாலும் என் கார் உடனே அணையாது. இதில் டீசலை நிறுத்துவது வேக்குவம், அதாவது குழாயில் காற்றை உறிஞ்சும் இழுப்புதான், ஏதோ ஒரு ரப்பர் குழாய் கசிகிறது. இன்ஜின் மேலே இருக்கும் ஸ்டாப் லிவரைக் கையால் அழுத்துகிறேன். சின்ன வேலை, செய்ய வேண்டும்.

மிகப் பழைய கார்களுக்கென்று தனியாகத் தரும் வின்டேஜ் நம்பர் வாங்கிவிடலாம் என்று இரண்டு தரப்புமே ஆசை காட்டினார்கள். அதற்கு முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்ட வேண்டும், இரண்டு காருமே 2030-களுக்குக் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை வரை போய்வர நினைக்கிற எனக்கு அது எதற்கு?

குளச்சல் கார் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. கடலை விட்டுத் தள்ளி கூரை போட்ட ஷெட்டும், வெல்டிங்குக்குத் தனியாகப் பணமும் உள்ளவர், கேட்கிற விலையில் பாதிக்குக் கிடைத்தால் யோசிக்கலாம். வாரிசுகள் மூவரும் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பார்க்கும் முன் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.