நாலாவது ஆளைத் தக்கவைக்கலாமா? ஐபிஎல் மெகா ஏலத்தின் இரண்டு வழிகள்

எங்கள் ஊரில் டென்னிஸ் பந்து லீக் ஒன்று நடக்கிறது. எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 10,000 புள்ளி, அதற்குள் பதினான்கு பேரைச் சேர்க்க வேண்டும். பழைய ஆட்களில் நாலு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். முதல் ஆளுக்கு 2,000, இரண்டாவது ஆளுக்கு 1,500, மூன்று, நாலுக்குத் தலா 1,200. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தபோது யோசிக்காமல் நாலு பேரையும் வைத்துக்கொண்டேன். போன வருடம் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டேன். தக்கவைத்தவர்கள் போக மற்ற எல்லோரும் ஏலத்துக்குப் போகும் ஐபிஎல் மெகா ஏலத்தில் அணிகள் கோடிக்கணக்கில் போடும் கணக்கும் இதேதான் என்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் பக்கம் எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: குறைவாகத் தக்கவைப்பதுதான்.

நிறையப் பேரைத் தக்கவைப்பதில் என்ன நல்லது என்று விளக்கத் தேவையில்லை. ஆட்டம் தெரியும், குணம் தெரியும், ரசிகர்களுக்கும் பிடிக்கும். 2008 முதல் 2019 வரை தான் ஆடிய ஒவ்வொரு சீசனிலும் சென்னை பிளே ஆஃபுக்கு, அதாவது முதல் நான்கு அணிகள் ஆடும் கடைசிக் கட்டத்துக்குப் போனது. அதற்குப் பின்னால் இருந்தது இந்த ‘ஆளை மாற்றாதே’ கொள்கை. ஒரே ஆட்டக்காரர் பத்து வருடம் அதே இடத்தில் இறங்கினால், எந்த ஓவரில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சென்னையின் மிக நல்ல ஏலம் எது என்று கேட்டால் நான் 2018-ஐத்தான் சொல்வேன். இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பிய அணி தோனி, ரெய்னா, ஜடேஜா என மூன்று பேரை 33 கோடிக்கு வைத்துக்கொண்டது. மொத்தம் 80 கோடி, கையில் 47 கோடி. அந்தப் பணத்தில்தான் பிராவோவும் டூ பிளெசியும் திரும்ப வந்தார்கள். வாட்சன் 4 கோடிக்கும் ராயுடு 2.2 கோடிக்கும் தீபக் சாஹர் 80 லட்சத்துக்கும் கிடைத்தார்கள். ராயுடு அந்த சீசனில் 602 ரன் அடித்தார். இறுதிப் போட்டியில் வாட்சன் 117 நாட் அவுட். ‘வயசானவங்க டீம்’ என்று கேலி செய்த வாய்கள் எல்லாம் அன்றைக்கு மூடிக்கொண்டன. தக்கவைத்த மூன்று பேர் முதுகெலும்பு, சரி. கோப்பையை எட்ட வைத்தது மிச்சம் இருந்த பணம்.

இந்த மிச்சப் பணத்தில்தான் நான் நின்று பேச வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2022 மெகா ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய பணம், அதாவது பர்ஸ், 90 கோடி. நாலு பேரைத் தக்கவைத்தால் 16, 12, 8, 6 என்று 42 கோடி போய்விடும். சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய நான்கும் நாலு நாலு பேரை வைத்துக்கொண்டன. அந்த வருடம் நான்கில் ஒன்றுகூட பிளே ஆஃபுக்குப் போகவில்லை. டெல்லி ஐந்தாவது, கொல்கத்தா ஏழாவது, சென்னை ஒன்பதாவது, ஐந்து கோப்பை ஜெயித்த மும்பை பத்தாவது. அடிப்படை பலமே இல்லாத அணிகளா இவை? இல்லை. நாலு பேர் பலமாக இருந்தார்கள், ஐந்திலிருந்து பதினொன்று வரை ஆள் போதவில்லை.

2025-க்கான ஏலத்தில் விதி மாறியது. பர்ஸ் 120 கோடி, ஆறு பேர் வரை தக்கவைக்கலாம். சர்வதேசப் போட்டி ஆடியவர்களுக்கு வைத்த கணக்கு 18, 14, 11, அப்புறம் மறுபடியும் 18, 14. இதைக் கவனியுங்கள். நாலாவது ஆளின் விலை முதல் ஆளின் விலைக்குப் போய்விடுகிறது. எந்த அணியிலும் நாலாவது நல்ல ஆள் முதல் ஆளுக்குச் சமம் கிடையாது. அந்த 18 கோடி ஏலத்துக்குப் போயிருந்தால் ஒரு நல்ல இந்தியப் பந்துவீச்சாளரும் ஒரு விக்கெட் கீப்பரும் வந்திருப்பார்கள்.

சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் அந்த ஏலம் தொடங்கும்போது யார் கையில் அதிகப் பணம் இருந்தது? இரண்டே பேரைத் தக்கவைத்த பஞ்சாபிடம் 110.5 கோடி. கோலி, பட்டிதார், யஷ் தயாள் என மூன்று பேரை 37 கோடிக்கு வைத்துக்கொண்ட பெங்களூரிடம் 83 கோடி. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் இறுதிப் போட்டி ஆடியது இந்த இரண்டும்தான். ஆறு பேரைத் தக்கவைத்தவை ராஜஸ்தானும் கொல்கத்தாவும். ராஜஸ்தான் ஒன்பதாவது, நடப்புச் சாம்பியனாக வந்த கொல்கத்தா எட்டாவது.

பெங்களூரு அந்த 83 கோடியை என்ன செய்தது என்பது எனக்கு மனப்பாடம். ஹேசல்வுட் 12.5, சால்ட் 11.5, ஜிதேஷ் 11, புவனேஷ்வர் 10.75, குருணால் பாண்டியா 5.75, டிம் டேவிட் வெறும் 3 கோடி. பெரிய பெயர் வாங்கவில்லை என்று அவர்கள் ரசிகர்களே திட்டினார்கள். ஆனால் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். புதுப் பந்துக்கு ஆள், டெத் ஓவர் எனும் கடைசி ஓவர்களுக்கு ஆள், நடுவில் நாலு ஓவரைச் சிக்கனமாக முடிக்க ஆள், கடைசியில் அடிக்க ஆள். பதினொருவரில் வெளிநாட்டவர் நாலு பேர்தான் ஆட முடியும், மிச்சம் ஏழும் இந்தியர்கள். நல்ல இந்தியப் பந்துவீச்சாளர்கள் நாட்டில் எண்ணி எடுக்கும் அளவில்தான் இருக்கிறார்கள், அதனால் விலை ஏறும். அந்த விலையைக் கொடுக்கப் பணம் இருந்தவர்கள் ஜெயித்தார்கள். இறுதிப் போட்டியில் குருணால் நாலு ஓவரில் 17 ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்தார். பெங்களூரு ஆறு ரன்னில் ஜெயித்தது. பதினெட்டு வருடத்தில் அவர்களுக்கு முதல் கோப்பை.

அதே நேரம் எங்கள் சென்னை? ருதுராஜ் 18, ஜடேஜா 18, பத்திரனா 13, டூபே 12, தோனி 4. ஆக 65 கோடி. மிச்சம் 55. அதில் நூர் அகமதுவுக்கு 10, அஸ்வினுக்கு 9.75 போன பிறகு இந்திய பேட்ஸ்மேன்களுக்கு என்று முக்கியமாக எடுத்தது திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர். மூன்று பேருக்கும் சேர்த்து 6.3 கோடி. ருதுராஜ் முழங்கைக் காயத்தில் வெளியே போனதும் மேல் வரிசையில் நிற்க ஆளே இல்லை. பாதி சீசனில் ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுப் பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவன் அழகாக அடித்தான், ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு 50 ரன்னில் ஜெயித்தது. 2008-க்குப் பிறகு அங்கே அவர்களுக்கு முதல் வெற்றி. சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு. அதே 2025-இல் மும்பை ஐந்து பேருக்கு 75 கோடி கொடுத்தது, கையில் 45 கோடிதான். ஆனாலும் இறுதிக்கு ஒரு படி முன்னால் வரை வந்தது. பும்ராவும் 717 ரன் அடித்த சூர்யகுமாரும் அணியில் இருந்தால் எந்தக் கணக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 2022-இல் ஒன்பதாவது வந்த சென்னை, அதே தக்கவைப்போடு 2023-இல் கோப்பையை வாங்கியது. அதாவது தக்கவைத்தவர்களின் பலன் இரண்டாம் வருடத்தில் வரலாம், நடுவில் ரஹானே போன்ற ஒருவர் 50 லட்சத்துக்குக் கிடைத்தால். பணம் இருந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. 2025-க்கான ஏலத்துக்கு 69 கோடியோடு போன லக்னோ பண்ட்டுக்கு மட்டும் 27 கோடி கொடுத்து ஏழாவது வந்தது. விட்டுவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. கோப்பை வாங்கித் தந்த கேப்டன் ஷ்ரேயஸ் கொல்கத்தாவை விட்டுப் போனார், பஞ்சாபுக்கு 604 ரன் அடித்து இறுதி வரை கூட்டிப்போனார்.

குஜராத்தையும் பார்க்க வேண்டும். அவர்களும் ஐந்து பேரைத் தக்கவைத்தவர்கள்தான். ஆனால் செலவு 51 கோடிதான். திவாட்டியாவும் நம்ம தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஷாருக் கானும் தலா 4 கோடி, 2022-இல் 20 லட்சத்துக்கு எடுத்த சென்னைப் பையன் சாய் சுதர்சன் 8.5 கோடி. அந்தச் சுதர்சன் 759 ரன்னோடு, அதிக ரன் அடித்தவருக்கான ஆரஞ்சு தொப்பி வாங்கினார். மிச்சம் இருந்த 69 கோடியில் 9.5 கோடிக்கு எடுத்த பிரசித் கிருஷ்ணா அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பி வாங்கினார். ஆக, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைவிட, வைத்துக்கொண்ட பிறகு கையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் விஷயம். ஐந்து பேரை மலிவாக வைக்க முடிந்தால் வையுங்கள். பெரும்பாலும் முடியாது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் நாலு பேருக்கு 5,900 போய்விட்டது. 4,100-இல் பத்துப் பேர். கல்யாண மண்டபத்தில் ஏலம் நடந்தது. இடக்கை வேகப்பந்து போடும் பையன் ஒருவன் பெயர் வந்தபோது என் கையில் 2,300 இருந்தது, இன்னும் ஏழு பேர் எடுக்க வேண்டும். மற்ற ஆறு பேருக்கு அடிப்படை விலை 100 வீதம் ஒதுக்கிவிட்டால் அதிகபட்சம் 1,700 வரை கேட்கலாம். கேட்டேன். பக்கத்து மேசை 1,750 என்றது. அவ்வளவுதான். லீக் சுற்றில் அவனே எங்கள் முதல் மூன்று விக்கெட்டையும் எடுத்தான்.

போன வருடம் விக்கெட் கீப்பரையும் ஓர் ஆல்ரவுண்டரையும் மட்டும் 3,500-க்கு வைத்துக்கொண்டேன். விட்ட இருவரில் ஒருவர், “என்னண்ணா, நம்ம டீம்னு நினைச்சேன்” என்றார். அந்த வார்த்தை கனமாகத்தான் இருந்தது. ஏலத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். 6,500 புள்ளியில் அந்த இடக்கைப் பையனை 1,900-க்கு எடுத்தேன், இரண்டு நல்ல சுழல் பந்து ஆட்களும் கிடைத்தார்கள். அரையிறுதி வரை வந்தோம். நான் உட்கார்ந்தது இரண்டு ஏலத்தில்தான், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆட்களை நாலைந்து வருடம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் செய்து பார்த்ததில்லை.

அடுத்த ஏலம் பொங்கலுக்கு அப்புறம். கீப்பரும் இடக்கைப் பையனும் நிற்கிறார்கள். ஆல்ரவுண்டரிடம் போன ஞாயிறு அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். டீ கொடுத்தார், “1,200-க்கு மேல போனா என்னை எடுக்காதீங்க தம்பி” என்றார்.