நாகூர் ரோடு லேத் பட்டறை: வீல் பேரிங் வேலைக்குத் தாராளமாகப் போகலாம், அவசரத்துக்குப் போகாதீர்கள்

அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் மீன் எடுத்து, சிக்கல், கீழ்வேளூர் வழியாகத் திருவாரூர் வரை பைக்கில் கொண்டுபோய் விற்கிறவன் நான். போக ஏறக்குறைய 25 கி.மீ., வரவும் அவ்வளவுதான். கேரியரில் ஐஸ் பெட்டி. பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் நேராகப் பின் சக்கரத்தின் நடுவில்தான் விழும். எங்கள் ஆட்களில் இன்ஜின் போச்சு என்று புலம்புகிறவனைவிட பேரிங் போச்சு என்று புலம்புகிறவன்தான் அதிகம். அதனால் மீன் வண்டி, தண்ணி கேன் வண்டி, பால் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற பைக்குக்கு இந்தப் பட்டறை தேவைப்படாது.

நாகூர் ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, லேத் பாய் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். உள்ளே ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கை பிரஸ். அவருக்குச் சோறு போடுவது படகு வேலை: தண்டு, புஷ், பம்ப். பைக் ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்கார்கிற உருளை) எல்லாம் இடையில் செய்து கொடுப்பதுதான்.

நான் அங்கே போன கதை இது. பின் சக்கரத்தில் செயின் பக்க பேரிங் மாற்றி மாற்றிப் போட்டும் சத்தம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. வேகம் ஏற ஏற ஊ என்று ஒரு முனகல். சென்டர் ஸ்டாண்டில் போட்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று ஆடும். செயினும் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தொங்கும். சாதாரண ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்வார்கள்? சக்கரத்தைக் கழற்றி, உளி வைத்துப் பழசைத் தட்டி எடுத்து, புதுசைத் தட்டி இறக்கி, அரை மணியில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பேரிங் உட்கார்கிற துளையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு இடத்தில் துளையைச் சுற்றி டாட் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பி வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி, அந்த மேட்டில் பேரிங்கைப் பிடிக்க வைத்தார்கள். சில வாரம் பிடித்தது. அப்புறம் புள்ளிகள் தேய்ந்து பழையபடி ஆட ஆரம்பித்தது.

பாய் சக்கரத்தை வாங்கினதும் டீசல் துணியால் ஹப்பைத் துடைத்தார். பேரிங்கின் உள் வளையத்தில் சுண்டுவிரலை விட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றினார். பிறகு பழசைத் தட்டி எடுத்துவிட்டு, நான் வாங்கிப்போன புது பேரிங்கைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அப்படியே உள்ளே போய்விட்டது. சுத்தியல் வைத்து இறக்க வேண்டிய பொருள் அது.

“தம்பி, பேரிங்குல குத்தமில்ல. அது உக்கார்ற எடம் போச்சு. எத்தனை மாத்துனாலும் நிக்காது” என்றார்.

விஷயம் இதுதான். பேரிங்கின் உள் வளையம் அச்சோடு அசையாமல் நிற்கும், வெளி வளையம் குண்டுகள் மேல் ஹப்போடு சேர்ந்து சுற்றும். துருப்பிடித்து இறுகிப்போனால் வெளி வளையமும் சுற்றாது. அப்போது ஹப் மட்டும் வெளி வளையத்தின் மேல் வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும். ஹப் அலுமினியம், வளையம் கடின எஃகு. தேய்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை. என் ஹப்பில் 37 மி.மீ. இருக்க வேண்டிய துளை 0.1 மி.மீ. கூடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் சக்கரம் ஆட அது போதும்.

ஸ்லீவ் போடுகிறேன், அதாவது துளைக்குள் ஒரு எஃகு வளையம் இறக்குகிறேன் என்றார். அதற்குச் சக்கரத்தின் ஸ்போக் கம்பி எல்லாம் கழற்றி ஹப்பை மட்டும் தனியாகக் கொண்டுவர வேண்டும், ரிம்மோடு அவர் லேத்தில் சுற்ற இடம் இல்லை. கம்பி கழற்றிக் கட்டுவது, கோட்டம் எடுப்பது எதுவும் அவர் செய்ய மாட்டார். நாம்தான் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். முதல் குறை இது.

ஹப்பை லேத்தின் நாலு தாடை சக்கில் (பிடியில்) மாட்டியபோது அவர் செய்த ஒரு காரியத்தை மற்ற இடங்களில் நான் பார்த்ததில்லை. தேய்ந்த துளை வட்டமாகவே இருக்காது, அதை வைத்து சென்டர் பார்த்தால் சக்கரம் காலத்துக்கும் கோணலாகத்தான் ஓடும். அதனால் நூலிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜை பிரேக் டிரம்மின் உள்வட்டத்தில் வைத்து, முள் அசையாத வரைக்கும் தாடைகளை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே இருந்தார். வெட்டின நேரத்தைவிட சென்டர் பார்த்த நேரம்தான் அதிகம். மீன் பெட்டியோடு வெளியே நின்ற எனக்குத்தான் பொறுமை போய்விட்டது, சந்துப் பூனைகள் எல்லாம் வேறு கூடிவிட்டன.

துளையை 43 மி.மீ.க்குப் பெரிதாக்கி, அதற்கு எஃகில் ஒரு வளையம் கடைந்தார். கடைந்த வளையத்தை என் கையில் கொடுத்து, “ஐஸ் பெட்டியில போட்டு வைங்க” என்றார். பாலிதீன் கவரில் சுற்றி கானாங்கெளுத்திக்கு நடுவில் புதைத்தேன். அந்தப் பக்கம் ஹப்பை அடுப்பில் சூடேற்றினார். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 43 மி.மீ. துளையை 60 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 0.06 மி.மீ. அகலும். இங்கே வளையம் ஐஸில் சுருங்கியிருக்கிறது, அங்கே துளை விரிந்திருக்கிறது. கையால் வைத்தார், உட்கார்ந்தது. ஆறினதும் இரண்டும் ஒன்றாகிவிட்டது. அப்புறம் அந்த வளையத்தின் உள்பக்கத்தை 37-ஐவிட 0.02 குறைவாகக் கடைந்து முடித்தார். பேரிங் இறுக்கமாகப் பிடிப்பதற்கு அந்தக் குறைவு வேண்டும்.

எல்லா ஹப்புக்கும் இதைச் செய்ய மாட்டார். பேரிங்கைச் சுற்றியுள்ள சுவர் மெல்லிசாக இருந்தாலோ விரிசல் இருந்தாலோ, “புதுசு வாங்கிக்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். காசுக்காக எதையாவது செய்து தள்ளுகிற ஆள் இல்லை.

அடுத்து இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்கிற குழாய், டிஸ்டன்ஸ் பீஸ். நிறைய பேர் இதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. சில வண்டியில் தொலைந்தே போயிருக்கும். இதன் நீளம் குறைந்தால் அச்சு நட்டை முறுக்கும்போது இரண்டு உள் வளையமும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். குண்டுகள் தடத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஏறி ஓடும், நல்ல பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். என்னுடையது இரண்டு முனையிலும் அடிவாங்கி மழுங்கியிருந்தது. அளவெடுத்துப் புதுசு கடைந்து போட்டார். வண்டியில் மாட்டி நட்டை முழுக்க முறுக்கின பிறகும் சக்கரம் முறுக்குவதற்கு முன் சுற்றின அதே லேசில் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் தூக்கிக்கொண்டு வா என்றார். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் இந்த ஒன்றை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

பேரிங் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும், புதுசிலேயே சத்தம் கேட்கும். இவர் அதற்கென்றே ஒரு கட்டை கடைந்து வைத்திருக்கிறார்.

பேரிங் அவர் விற்பதில்லை, நாம்தான் வாங்கிப் போக வேண்டும். என் வண்டி ஹப்பில் 6301 எண் பேரிங். கடைசி இரண்டு எண் 01 என்றால் உள் விட்டம் 12 மி.மீ. என்று அர்த்தம்; 6301-க்கு வெளி விட்டம் 37, அகலம் 12. கடையில் 6201-ஐ எடுத்து நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். அதற்கும் அதே 12 மி.மீ. அச்சுதான், ஆனால் வெளி விட்டம் 32. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற எழுத்து எங்கள் தொழிலுக்கு இன்னும் முக்கியம். இசட் இசட் என்றால் தகர மூடி, தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. டூ ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். என்டிஎன் பேரிங்கில் அதையே எல்எல்யு என்றும், என்எஸ்கேயில் டிடியு என்றும் போட்டிருப்பார்கள். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, நம்ம நாட்டு என்பிசி எதுவானாலும் சரி, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறவும் கூடாது, பெயர் போட்ட போலி நிறைய ஓடுகிறது. எஸ்கேஎஃப் இதற்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் அசலா என்று பார்த்துச் சொல்வார்கள்.

சீலை ஊசியால் நெம்பி உள்ளே கிரீஸ் அடைத்துக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் பாய்க்குக் கோபம் வரும். கம்பெனியில் உள்ளே இருக்கிற காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கிரீஸ் வைப்பார்கள். நிறைய அடைத்தால் சூடாகும், நெம்பின சீல் மறுபடி சரியாக உட்காராது, அந்த வழியாகவே தண்ணீர் போகும். கிரீஸை அச்சிலும் சீல் ஓரத்திலும் தடவுங்கள், போதும் என்பார். வாட்டர் வாஷ்காரர் பிரஷர் பைப்பை ஹப்புக்கு நேராகக் காட்டினாலும் இதே கதிதான், நான் இப்போது கிட்டே நின்று தடுத்துவிடுகிறேன்.

இன்னொரு யோசனையும் அவர் சொன்னதுதான். பெட்டியின் வடிகால் ஓட்டையில் ஒரு டியூப் மாட்டி, முனையில் திறந்து மூடுகிற குழாய் டேப் ஒன்று வைத்து, சக்கரத்தைத் தாண்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஓடும்போது மூடி வைத்து, ஓரமாக நிறுத்தித் திறந்துவிடுகிறேன். இதற்கு அவர் காசு வாங்கவில்லை.

ஸ்லீவுக்கும் டிஸ்டன்ஸ் பீஸுக்கும் சேர்த்து 750 ரூபாய் வாங்கினார். கம்பி கட்டிக் கோட்டம் எடுக்க வேறு ஆளுக்கு 400, பேரிங் தனி. புது ஹப் போட்டாலும் கம்பி வேலைக்கு அதே 400 ஆகத்தான் செய்யும். அலுமினியத்தைவிட எஃகு வளையம் சுலபத்தில் தேயாது என்பதால் இதுவே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஓட்டிவிட்டேன். செயின் டைட் வைக்கிற போதெல்லாம் டயரை ஆட்டிப் பார்க்கிறேன், ஆட்டம் இல்லை, முனகலும் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நாளை என்றால் நாளை மறுநாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது, கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிட்டு எப்போது திறப்பார் என்று அவருக்கே தெரியாது. ஏபிஎஸ் (பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) வண்டிச் சக்கரத்தைத் தொடவே மாட்டார். வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்கு இரண்டு கொடுக்கலாம்.

போகிறதானால் மார்ச் மாதத்துக்குள் போய்விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும், அத்தனை தண்டும் பம்பும் கழன்று அவர் பட்டறை வாசலுக்கு வந்துவிடும். மே மாதத்தில் பைக் ஹப்பை எடுத்துக்கொண்டு போனால் மூலையைக் காட்டுவார். அங்கே ஏற்கெனவே நாலைந்து ஹப் கிடக்கும்.